மூன்றாவது கியர்

2025 மார்ச் 3, திங்கட்கிழமை காலை 8.57 மணிக்கு, நீர்த்தொட்டி ஏற்றத்தின் பாதித் தூரத்தில், ஏழு கியர் உள்ள நீல நிற சைக்கிள் ஒன்றின் செயின் அடுத்தடுத்து நான்கு முறை வழுக்கியது. ஓட்டி வந்த பெண் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே போனாள்.

அதே நேரத்தில், நகரின் மறுகோடியில் ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி அறையில், லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய கணவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள்தான் அந்த சைக்கிளுக்குத் தன் கையாலேயே புது செயின் மாட்டிக் கொடுத்திருந்தார். அதனால் அன்றைய தேநீர் வழக்கத்தைவிட ருசியாக இருந்தது.

பத்தொன்பது வருஷமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறவர் அவர். குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். கெட்டுப்போன சாமானைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. மிக்ஸி, பூட்டு, குழாய், குடை என்று அவர் கைபட்டவற்றில் பாதி முன்பைவிட நன்றாக ஓடின. மீதிப் பாதியைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அவருடைய கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வாயால் சொல்லும் புகாரை யாரும் காதில் வாங்கமாட்டார்கள். பதிவேட்டில் எழுத வேண்டும்: தேதி, நேரம், இடம், குறை. பார்த்தவர் கடைசிக் கட்டத்தில் நடவடிக்கை என்ன என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இந்த வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சமையலறைக் கதவின் ஆணியில் ஒரு பழைய டைரி கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. குளியலறைக் குழாய் ஒழுகினால்கூட மனைவி அதில்தான் எழுத வேண்டும். கல்யாணமான புதிதில் விளையாட்டு என்று நினைத்து எழுத ஆரம்பித்தவள், பதினோரு வருஷத்தில் ஐந்து டைரியை முடித்திருந்தாள்.

திங்கட்கிழமை மாலை ஆறாவது டைரியில் இப்படி எழுதினாள்: "நீர்த்தொட்டி ஏற்றம், காலை 8.57. மிதித்தால் செயின் வழுக்குகிறது. வேலைக்கு ஆறு நிமிடம் தாமதம்."

அந்த ஆறு நிமிடம் சின்ன விஷயமில்லை. அவள் ஒரு பரிசோதனைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். காலையில் மூன்று மருத்துவமனைகளில் ரத்த மாதிரிகளை வாங்கி, குளிர்பெட்டியில் வைத்து, ஏற்றத்தின் உச்சியில் இருக்கும் கூடத்தில் ஒன்பது மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். ஒன்பதுக்கு இயந்திரத்தை ஓட விடுவார்கள். வழியிலுள்ள சந்துகளில் காலை வேளையில் மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லாததால் சைக்கிள்தான். பிப்ரவரி 24 முதல் மார்ச் 8 வரை பன்னிரண்டு வேலைநாள் வெள்ளோட்டம். அதற்குள் மூன்று முறை தாமதமானால் பதின்மூன்றாம் நாள் வர வேண்டாம் என்று மேற்பார்வையாளர் முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தார். வீட்டிலேயே ஒன்பது வருஷம் இருந்துவிட்டு அவள் தேடிப் பிடித்த வேலை அது. முதல் ஆறு நாளும் ஒரு நிமிடம்கூடப் பிந்தியதில்லை. ஏழாம் நாள் புது செயின் வந்தது.

லிஃப்ட்காரர் டைரியைப் படித்துவிட்டு வேலையில் இறங்கினார். பால்கனியின் மேற்கம்பியிலிருந்து சைக்கிளைக் கயிற்றால் தொங்கவிட்டு, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே மறுகையால் கியரை மாற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு வரை செயின் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் மாறியது. மறுபடி ஏழிலிருந்து ஒன்றுக்கு வந்தார். அதே வெண்ணெய். நடவடிக்கைக் கட்டத்தில் "சோதித்தேன். குறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அவள் அதைப் படித்துவிட்டு, தொங்குகிற சைக்கிளில் தான் வேலைக்குப் போவதில்லை என்றும், தெருவில் ஓட்டிப் பார்த்துச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டாள். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

அந்த முழங்காலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் ஒரு கோளாறும் கிடையாது. ஒரு நாளைக்கு நாற்பது மாடி ஏறி இறங்குகிற முழங்கால் அது. விஷயம் என்னவென்றால், லிஃப்ட்காரருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. சின்ன வயதில் வாய்ப்பு அமையவில்லை. இருபது வயதில் கற்றுக்கொள்ளக் கூச்சம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள், "சைக்கிள் ஓட்டுவீங்கல்ல?" என்று அவள் சாதாரணமாகக் கேட்டபோது தலையாட்டிவிட்டார். அந்த ஒரு தலையாட்டலுக்குப் பதினோரு வருஷமாக முட்டுக்கொடுத்து வருகிறார். முதலில் நேரமில்லை என்றார், பிறகு வண்டி உயரம் போதாது என்றார், நான்கு வருஷமாக முழங்கால்.

செவ்வாய்க்கிழமை செயின் இரண்டு முறைதான் வழுக்கியது. 8.57க்குப் போய்விட்டாள். குறை தானாகவே சரியாகிவிட்டது என்று லிஃப்ட்காரர் விளக்கம் கொடுத்தார். புதன்கிழமை ஒன்பது முறை வழுக்கி, 9.04 ஆனது. இரண்டாவது தாமதம். அன்று மாலை டைரியில் அவள் எழுதியது: "இடம்: அதே. குறை: அதே. கோபம்: முன்பைவிட அதிகம்."

மூன்றாவது கியரில்தான் வழுக்குகிறது என்பதையும் கீழே கோடு போட்டு எழுதியிருந்தாள். ஏற்றத்துக்கு அவளுக்கு அந்த ஒரு கியர்தான் சரிப்பட்டு வந்தது. ஒன்றிலும் இரண்டிலும் போட்டால் கால் சுற்றுமே தவிர வண்டி நகராது. பை தூக்கிக்கொண்டு நடப்பவர்கள் முந்திப் போவார்கள். நான்கில் போட்டால் குளிர்பெட்டியோடு சேர்த்து ஒரு வீட்டையே இழுப்பதுபோல் இருக்கும்.

லிஃப்ட்காரர் மறுபடி தொங்கவிட்டார். கியர் ஒயரின் இறுக்கத்தை அரைச் சுற்றுக் கூட்டினார், கால் சுற்றுக் குறைத்தார். செயினை அங்குமிங்கும் நகர்த்தும் சின்னக் கையைப் பல்சக்கரத்துக்கு நேராக நிறுத்தி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். எண்ணெய் விட்டார். துடைத்தார். மறுபடி விட்டார். மூன்றாவது கியரில் மட்டும் நூறு சுற்றுச் சுற்றினார். ஒரு முறைகூட வழுக்கவில்லை. ஆகவே குறை வண்டியில் இல்லை, மிதிக்கிற விதத்தில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அதை எழுத்தில் வைக்காமல் வாயால் சொன்னது அவருடைய தவறு.

அப்போது மைத்துனி வீட்டில் இருந்தாள். மனைவியின் தங்கை, ஒரு மாடி கீழே குடியிருக்கிறாள். வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிற வேலை. அந்த நீல சைக்கிள் முதலில் அவளுடையதுதான். வேலையோடு இலவசப் பேருந்துப் பயணமும் கிடைத்ததால் வண்டியை அக்காவுக்குக் கொடுத்துவிட்டாள்.

மிதிக்கிற விதம் என்ற வார்த்தையைக் கேட்டதும் சின்னவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒலிபெருக்கிக் குரலுக்கு மாறினாள்.

"பயணிகளின் அன்பான கவனத்துக்கு. எட்டு ஐம்பதுக்கு நீர்த்தொட்டி ஏற்றம் வழியாகச் செல்ல வேண்டிய அக்கா, மாமா செய்த பழுதுபார்ப்பின் காரணமாக, இன்று முதல் நடந்தே செல்வார்."

மனைவி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஆறு வருஷம் நான் ஓட்டினேன், மாமா. கடகடன்னு சத்தம் போடும், அவ்வளவுதான். ஒரு நாள் வழுக்கினது கிடையாது," என்றாள் சின்னவள் தன் சொந்தக் குரலில். "நீங்க கை வெச்ச பிறகுதான் சத்தம் நின்னு, வண்டியும் நின்னுச்சு."

பழைய செயின் துருப்பிடித்து, நீண்டு, தொய்ந்துபோயிருந்ததை அவர் நினைவுபடுத்தினார். அளந்து பார்த்துத்தான் மாற்றியதாகச் சொன்னார். அது உண்மை. அப்படியானால் அந்தத் தொய்ந்ததையே திரும்ப மாட்டிவிடலாமே என்று மனைவி கேட்டாள். அதற்கு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையே பழைய செயினைத் துண்டு துண்டாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, சாவி மாட்டும் வளையமாக்கி, குடியிருப்பில் ஆறு வீடுகளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டிருந்தார்.

அப்படியானால் கடைக்கு எடுத்துப் போகலாம் என்றாள். இது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. எட்டுப் பேரை ஒன்பது மாடி தூக்குகிற இயந்திரத்தையே சரிசெய்கிறவன், ஒரே ஒரு ஆள் ஏறுகிற வண்டியைக் கடையில் கொண்டுபோய் நிறுத்துவதா என்று கேட்டார். ஓட்டிப் பார்க்காத ஆள் எந்த வாயால் இதைக் கேட்கிறார் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதற்கு அவர், தங்கள் தொழிலில் பழுதுபார்த்தவனே பயணியாக ஏறும் வழக்கம் இல்லை என்று ஒரு புது விதியை அந்த இடத்திலேயே உண்டாக்கினார்.

"அப்ப லிஃப்ட் நடுவுல மாட்டிக்கிட்டா யாரு மாமா முதல்ல தெரிஞ்சுக்கறது?" என்று சின்னவள் கேட்டாள்.

வியாழனும் வெள்ளியும் அவள் வழுக்கலுக்குக் காத்திருக்கவில்லை. ஏற்றத்தின் அடியிலேயே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். வியாழக்கிழமை 8.59. வெள்ளிக்கிழமை 8.58. இரண்டு நாளும் மாதிரிப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, கூடத்தின் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகுதான் அவளால் பேச முடிந்தது. டைரியில் ஒன்றும் எழுதவில்லை. லிஃப்ட்காரர் இரண்டு நாளும் ஆணிக்குப் பக்கத்தில் போய்ப் போய்ப் பார்த்தார். வெற்றுக் கட்டம் திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு, வேலை முடிந்து வந்து அவர் செருப்பைக் கழற்றுமுன் அவள் விஷயத்தைச் சொன்னாள். சனிக்கிழமைகளில் இனி நான்காவதாக ஒரு மருத்துவமனையும் சேரும். அது சந்தைக்கு அந்தப் பக்கம். எப்படிப் பார்த்தாலும் ஐந்து நிமிடம் கூடுதல். தள்ளிக்கொண்டு ஓடினால் முடியாது, மிதித்துத்தான் ஏற வேண்டும். மூன்றாவது தாமதம் நாளைக்கு வந்தால், வெள்ளோட்டத்தின் கடைசி நாளில் வேலை போய்விடும்.

"செருப்பைப் போட்டுக்கிட்டே வாங்க," என்றாள். "ஏத்தத்துக்குப் போறோம். நீங்க ஓட்டுறீங்க."

சின்னவளும் கிளம்பினாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

நீர்த்தொட்டி ஏற்றம் நீளமானது. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர்கள், நடுவே கல் பாவிய தெரு. அரை மைலாவது இருக்கும். சாய்வும் அதிகம். மேலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை விட்டால் கீழ்க்கோடி வரை உருண்டு வரும். அடிவாரத்தில் ஒரு சலவைக்கடைக்காரர் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் ஒரு சைக்கிளைச் சுற்றி நிற்பதைப் பார்த்து, மடிப்பதை நிறுத்தி, வேலையில்லாத ஆள்போல் கையைக் கட்டிக்கொண்டார்.

லிஃப்ட்காரர் கைப்பிடியைப் பிடித்தார். இருக்கையின் உயரத்தைச் சரிபார்த்தார். மணியை அடித்துப் பார்த்தார். பிரேக்கை இருமுறை அழுத்தினார். காற்று இருக்கிறதா என்று டயரை விரலால் குத்திப் பார்த்தார். மறுபடி மணியை அடித்தார்.

"மணி நல்லா இருக்கு, மாமா," என்றாள் சின்னவள்.

முழங்கால் என்று சொல்ல வாயெடுத்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்தார். அதில் கோபமில்லை. இரண்டு நாள் ஏற்றத்தில் ஓடிய களைப்புத்தான் இருந்தது. நாளைக்கும் ஓடவேண்டியிருக்குமோ என்ற பயமும் கூடவே தெரிந்தது. அவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதும்மா."

"எது, இந்த ஏத்தத்துலயா?"

"எங்கயுமே."

சலவைக்கடைக்காரர் அவசர அவசரமாக ஒரு சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். சின்னவள் அறிவிப்புக்காகத் தொண்டையைச் செருமினாள்; அக்கா திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷத்து நேரமின்மை, வண்டி உயரம், முழங்கால் எல்லாம் ஒவ்வொன்றாக அவள் கண்ணுக்குள் வரிசையில் வந்து நிற்பது அவருக்குத் தெரிந்தது.

"அந்த முழங்காலுக்கு நாலு வருஷமா நான் தைலம் தேச்சுவிட்டிருக்கேன்," என்றாள் கடைசியில்.

"அது நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் அவர். தைலத்தைச் சொன்னாரா முழங்காலைச் சொன்னாரா என்று அவள் கேட்கவில்லை. அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. திங்கட்கிழமைக்குப் பிறகு அது முதல் தடவை.

மறைக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் லிஃப்ட்காரருக்கு மூளை வேலை செய்யத் தொடங்கியது. ஆள் ஏறாத லிஃப்ட் எப்போதும் நன்றாகத்தான் ஓடும். எடை ஏற்றிப் பார்க்காமல் எந்த லிஃப்டுக்கும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. இந்த சைக்கிளை மட்டும் எடையே இல்லாமல் இரண்டு மாலை சுற்றிப் பார்த்துவிட்டு, குறை இல்லை என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார். அவளை ஏறச் சொன்னார். மூன்றாவது கியரில் போட்டு, காலையில் மிதிப்பதுபோலவே மிதிக்கச் சொன்னார். தான் கூடவே ஓடி வருவதாகச் சொன்னார்.

அவள் மிதித்தாள். அவர் ஒரு கையால் பின்பக்க கேரியரைத் தொட்டுக்கொண்டு, இடுப்பை வளைத்து, தலையைப் பின்சக்கரத்தின் உயரத்துக்குத் தாழ்த்தி ஓடினார். தூரத்திலிருந்து பார்த்தால், கீழே விழுந்த சில்லறையைத் தேடிக்கொண்டே ஒருவர் ஏற்றத்தில் ஓடுவதுபோல் இருந்தது. பத்து அடி, இருபது அடி. சாய்வு கூடிய இடத்தில் அவள் எழுந்து நின்று மிதித்தாள். அப்போது அவர் பார்த்தார். செயின் பல்லின் அடியில் உட்காராமல் மெல்ல மேலே ஏறி, நுனியில் ஒரு நொடி நின்று, டக்கென்று அடுத்த பல்லுக்குத் தாவியது. இன்னொரு மிதி. இன்னொரு டக்.

"நிறுத்து," என்றார். மூச்சு வாங்கியது.

வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தெருவிலேயே குந்தி உட்கார்ந்தார். பின்னால் அடுக்கியிருந்த ஏழு பல்சக்கரங்களில் மூன்றாவதை மட்டும் துணியால் துடைத்தார். மற்ற ஆறிலும் பற்கள் கட்டையாக, நேராக இருந்தன. மூன்றாவதில் ஒவ்வொரு பல்லும் ஒரு பக்கமாகத் தேய்ந்து, சாய்ந்து, பூனை நகம்போல் கூர்மையாகியிருந்தது.

பழைய செயினும் இந்தப் பற்களும் சேர்ந்தே தேய்ந்திருக்கின்றன. நீண்ட செயினுக்கு ஏற்றபடி பல்லும் குறைந்து, இரண்டும் ஒன்றையொன்று பொறுத்துக்கொண்டு ஓடியிருக்கின்றன. அளவு சரியாக இருந்த புதுச் செயினுக்கு இந்தத் தேய்ந்த பற்களில் பிடி கிடைக்கவில்லை. கையால் சுற்றும்போது அது சும்மா மேலே படிந்து போனது. ஆள் ஏறி அழுத்தியதும் நழுவியது.

இது அவருக்குத் தெரியாத பாடமில்லை. லிஃப்டுக்குப் புது ரோப் போடுமுன் அது உட்காரும் சக்கரத்தின் பள்ளத்தை அளந்து பார், தேய்ந்திருந்தால் ரோப்பை மட்டும் மாற்றாதே என்று கம்பெனியில் வருஷாவருஷம் கூட்டம் போட்டுச் சொல்கிறவரே அவர்தான். போன மாதம்கூட இதை மறந்த ஒருவரை நாற்பது பேர் முன்னால் நிற்க வைத்துப் பேசியிருந்தார். அதை அவர் மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அன்று உண்மை பேசும் வேகத்தில் இருந்ததால் அதையும் சொல்லிவிட்டார்.

ஏழில் ஒன்று மட்டும் எப்படி இப்படித் தேய்ந்தது என்ற கேள்வி வந்தபோது, இரண்டு பேரும் சின்னவளைப் பார்த்தார்கள்.

"அது வாங்கும்போதே மூணுலதான் இருந்துச்சு," என்றாள் சின்னவள். "நான் அதைத் தொட்டதே இல்ல. தொட்டா கெட்டுப்போயிடுமோன்னு பயம்."

"ஆறு வருஷமா?"

"ஆறு வருஷமும் ஒழுங்கா ஓடுச்சுல்ல."

பயணிகளின் கவனத்துக்கு என்று அக்கா ஆரம்பித்தாள். போகும் வழி முழுக்க அந்த அறிவிப்பு முடியாது என்று சின்னவளுக்குத் தெரிந்ததால், பால் வாங்க வேண்டும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

சைக்கிள் கடை ஏழு மணிக்கு மூடும். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது 6.35. கடைக்காரம்மா நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு ஒரு சக்கரத்தின் கம்பிகளை இறுக்கிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் நோயைச் சொன்னார். மருந்தையும் அவரே சொன்னார். ஏழு பல்சக்கரமும் சேர்ந்த அடுக்கு ஒன்று வேண்டும், மாற்றிக்கொடுக்க வேண்டும். கடைக்காரம்மா குனிந்து, பெடலை ஒரு சுற்றுச் சுற்றி, மூன்றாவது சக்கரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க. சும்மா சுத்திப் பாத்தா இது தெரியாது. ஓட்டிப் பாத்தீங்களா?"

மனைவி ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவருக்காகத்தான். அதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க. பக்கத்துல ஓடிப் பாத்தேன்."

கடைக்காரம்மா தலையை நிமிர்த்தினார். நெற்றி விளக்கின் ஒளி லிஃப்ட்காரர் முகத்தில் விழுந்தது. ஒரு கணம் பார்த்துவிட்டு, அப்படியும் பார்க்கலாம் என்று சொல்லி, அலமாரியிலிருந்து புது அடுக்கை எடுத்தார். கழற்றும்போது, புதுச் செயின் போட்டவர் யாராக இருந்தாலும் அப்போதே இதையும் பார்த்திருக்க வேண்டும் என்றார். போட்டவர் கடைக்கு வெளியே போய், எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு பழைய விளம்பரத்தை முழுவதும் படித்தார். மனைவி அந்த வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லும்படி கடைக்காரம்மாவைக் கேட்டுக்கொண்டாள், இந்த முறை கொஞ்சம் சத்தமாக.

வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது. அவள் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக ஏற்றத்துக்குப் போனாள். மூன்றாவது கியரில் ஒரு முறை, கேரியரில் அரிசி மூட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு இன்னொரு முறை. எடை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று மூட்டையைத் தூக்கி வந்தவர் அவர்தான். இரண்டு முறையும் அவர் கூடவே ஓடினார். செயின் வழுக்கவில்லை.

மார்ச் 8, சனிக்கிழமை, நான்கு மருத்துவமனைகளின் மாதிரிகள் 8.58க்குப் பரிசோதனைக்கூடத்தில் ஒப்படைக்கப்பட்டன. மேற்பார்வையாளர் பெட்டியின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, வருகைத்தாளில் பன்னிரண்டாவது கட்டத்தில் கையெழுத்திட்டார். திங்கட்கிழமையிலிருந்து அவளை நிரந்தரமாக வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.